ஆளைத் தேடுவதா, ஆளாக்குவதா?

புது சிஎன்சி லேத் (கணினி கட்டுப்படுத்தும் கடைசல் மெஷின்) வந்து இறங்கியாயிற்று. லெவல் பார்த்து, கூலன்ட் ஊற்றி, டெஸ்ட் பீஸும் ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில்தான் கேள்வி வருகிறது: இதை யார் ஓட்டுவது? மெஷினை வேலைக்குத் தயார்செய்து தருகிற ஒரே செட்டர் ஏற்கெனவே இரண்டு ஷிப்டுக்கும் இழுபடுகிறார். அவர் ஒரு நாள் லீவு போட்டால் மூன்று மெஷின் நிற்கிறது.

மெஷின் வாங்கும்போது மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி, ஸ்பிண்டில் வேகம் முதல் வாரண்டி வரை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், ஆள் விஷயத்தில் மட்டும் தெரிந்தவர்களிடம் "நல்ல ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். மெஷினுக்குச் செய்த ஒப்பீட்டில் பாதியாவது ஆளுக்கும் செய்து பார்க்கலாமே என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உலோக வேலை செய்கிற ஒரு நிறுவனத்தின் முன்னால் இருக்கும் வழிகள், சுற்றிச் சுற்றி வந்தாலும், ஐந்துதான். அனுபவசாலியை வெளியிலிருந்து கூட்டி வரலாம். பயிற்சி நிலையத்தில் படித்து முடித்தவரை எடுக்கலாம். அப்ரண்டிஸாகச் சேர்த்து மூன்று நான்கு வருடத்தில் வளர்க்கலாம். இருக்கிற ஆட்களுக்கே குறுகிய காலப் பயிற்சி கொடுத்து ஒரு படி மேலே ஏற்றலாம். ஆளே தேவைப்படாதபடி ஆட்டோமேஷனில் பணத்தைப் போடலாம். டூல் ரூமிலும் (டை போன்ற கருவிகள் செய்யும் இடம்) மெஷின் ஷாப்பிலும் இந்த ஐந்தையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், சிலதை மோசமாகவே.

என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் கடைசியில் செலவாவது ஒரே சரக்குதான்: உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கைதேர்ந்த ஆளின் நேரம். அதில் வாரத்துக்கு எத்தனை மணி நேரத்தை எடுத்துவைக்க முடியும் என்று தெரிந்தால் எந்த வழி என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். சம்பளம், சான்றிதழ், வருடக் கணக்கு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எந்த வேலைக்கு ஆள்?

"ஸ்கில்டு ஆள் கிடைக்கவில்லை" என்பது பொதுவான புலம்பல். எந்த ஸ்கில் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வராது.

ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய துண்டை, மாட்டி, சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தி, அளந்து, இரண்டு மூன்று மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓடினால் டூலின் ஆஃப்செட் எண்ணில் திருத்தத் தெரிந்த ஆபரேட்டர் ஒரு ரகம். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் சில வாரங்களில் தயாராகிவிடுவார். ஒரு ஜாப்பிலிருந்து இன்னொரு ஜாப்புக்கு மெஷினை மாற்றி, ஜா போரிங் செய்து (ஜாப்பைப் பிடிக்கும் தாடைகளைக் கடைந்து), டூல்களைக் கட்டி, வொர்க் ஜீரோ (அளவு தொடங்கும் புள்ளி) எடுத்து, ஃபர்ஸ்ட் பீஸை ஓகே வாங்கித் தருகிற செட்டர் அடுத்த ரகம். அதற்கு ஒன்றரை இரண்டு வருடமாவது மெஷினோடு புழங்க வேண்டும். தகடு வெட்டும் கருவியில் பஞ்ச்சுக்கும் (மேலிருந்து இறங்கி வெட்டும் பகுதி) டைக்கும் (கீழே இருக்கும் பகுதி) இடையே இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வெட்டுப்பட்ட தகட்டின் பிசிறைப் பார்த்தே சொல்லிவிடும் டூல் ரூம் ஃபிட்டர் வேறு ஜாதி. அவர் ஐந்து வருடத்துக்குக் குறைந்து உருவானதை நான் பார்த்ததில்லை.

வெல்டர் கதை இதிலும் தனி. வெல்டருக்கு "வெல்டிங் தெரியும்" என்ற பொதுவான தகுதியே கிடையாது. எந்த முறை, எந்த உலோகம், என்ன தடிமன், எந்த நிலை என்று சோதனைத் துண்டு போட்டுக் காட்டியதற்குத்தான் தகுதி. வெல்டர் தகுதிக்கான ஐஎஸ்ஓ 9606-1 என்ற உலகத் தரத்தில், அந்த முறையில் தொடர்ந்து வேலை செய்கிறார் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதிசெய்து கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் ஏஎஸ்எம்இ விதியிலும் ஆறு மாதம் அந்த முறையில் பற்றவைக்காமல் இருந்தால் தகுதி போய்விடும். கை விட்டால் கலை விட்டுப்போகும் என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட தொழில் இது. டர்னர், ஃபிட்டர் வேலைகளில் அப்படி ஒரு விதி இல்லை என்பதால் அங்கே கை விட்டுப்போகாது என்று அர்த்தமில்லை.

ஆகவே ஐந்து வழிகளையும் பொதுவாக ஒப்பிடுவதில் பயனில்லை. எந்த ரகத்துக்கு எந்த வழி என்றுதான் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து கூட்டி வருவது

ஆர்டர் கையில் இருக்கிறது, இரண்டு மாதத்தில் சப்ளை ஆரம்பிக்க வேண்டும். இந்த நிலைமையில் வேறு வழியே இல்லை, அனுபவசாலியைத்தான் எடுத்தாக வேண்டும். இதைக் குறை சொல்பவர்கள் டெலிவரி தேதிக்குப் பதில் சொல்லிப் பழகாதவர்கள்.

ஆனால் அனுபவம் என்பது எந்த மெஷினில், எந்த ஜாப்பில் என்று கேட்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. பன்னிரண்டு வருட அனுபவத்தோடு ஒரு செட்டர் வந்தார். நல்ல மனிதர், சுறுசுறுப்பு. இரண்டாவது வாரம் ஒரு ப்ரோகிராமில் டூல் மாற்றுவதற்கு முன்னால் ஜாப்பை விட்டுப் பின்னுக்குப் போக வேண்டிய இடத்தில் இசட் 50 என்று அடித்தார், தசமப் புள்ளி வைக்காமல். அவர் அதுவரை புழங்கிய மெஷினில் அது ஐம்பது மில்லிமீட்டர். எங்கள் மெஷினின் கன்ட்ரோல் செட்டிங்கில் புள்ளி இல்லாவிட்டால் ஐம்பது மைக்ரான். டூல்கள் மாட்டிய சுழல் தலையான டர்ரெட், ஜாப்பின் முகத்தை ஒட்டி நின்றபடியே சுழன்றது. நீளமான போரிங் பார் ஜாப்பைப் பிடித்துச் சுழன்றுகொண்டிருந்த சக்கில் போய் மோதியது. அந்தச் சத்தம் ஷெட்டின் மறுகோடி வரை கேட்டது. டர்ரெட் அலைன்மென்ட் போய், மெஷின் பதினோரு நாள் நின்றது.

தப்பு அவர்மேல் இல்லை. "நீங்கள் ஓட்டிய கன்ட்ரோல் எது, புள்ளி எப்படி வைப்பீர்கள்" என்று நான் கேட்கவே இல்லை. ஒரு வாரம் எங்கள் பழைய செட்டரைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் போதும். அவருக்கு நேரம் இல்லை என்று விட்டுவிட்டேன். அனுபவசாலிக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், மணிக்கணக்குத்தான் குறைவு.

அதற்கப்புறம் நேர்காணலில் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு டிராயிங், ஒரு படி வைத்த ஷாஃப்ட், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு வெர்னியர், ஒரு டயல். "இந்த ஜாப் டிராயிங்படி இருக்கிறதா பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன். அளப்பதற்கு முன் மைக்ரோமீட்டரை ஜீரோ பார்க்கிறாரா, ஜாப்பைத் துடைக்கிறாரா, டிராயிங்கின் மூலையில் இருக்கும் பொது டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) குறிப்பைப் படிக்கிறாரா. பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த வழியின் இன்னொரு செலவு மெல்லத்தான் தெரிய வரும். வெளியிலிருந்து வந்தவருக்குக் கொடுத்த சம்பளம் ஒரே வாரத்தில் ஷாப் முழுக்கப் பரவிவிடும். எட்டு வருடமாக உங்களோடு இருப்பவர் கணக்குப் போட ஆரம்பிப்பார். இது இன்றைய வியாதி இல்லை. பூட்டு செய்வதில் பேர்போன ஜோசப் பிரமா, 1790-களில் லண்டனில் தன் பட்டறையின் ஃபோர்மேனான ஹென்றி மாட்ஸ்லேயை நம்பித்தான் இருந்தார். வாரம் 30 ஷில்லிங் சம்பளம் வாங்கிய மாட்ஸ்லே கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். பிரமா மறுத்தார். 1797-இல் மாட்ஸ்லே வெளியேறித் தனிப் பட்டறை வைத்தார். திருகு வெட்டும் லேத்தைத் துல்லியமான மெஷினாக்கியதில் அந்தப் பட்டறைக்குப் பெரும் பங்கு உண்டு. இருக்கிற ஆளைத் தக்கவைப்பது என்று ஆறாவது வழி ஒன்றைச் சேர்க்கலாம் போலத் தோன்றுகிறது. ஐந்திலும் மலிவானது அதுவாகத்தான் இருக்கும்.

படித்து முடித்து வருபவர்கள்

பயிற்சி நிலையத்திலிருந்து வருபவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வது ஷாப் ஃப்ளோரில் ஒரு பழக்கமாகிவிட்டது. நியாயமில்லாத பேச்சு.

வகுப்பறை முறையில் கைத்தொழிலைச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். மாஸ்கோவின் இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் 1868 முதல் விக்டர் டெல்லா-வோஸ் ஒரு காரியம் செய்தார். உற்பத்தி நடக்கும் பட்டறையிலிருந்து பயிற்சிப் பட்டறையைத் தனியே பிரித்தார். அரம் போடுவது, கடைசல், கொல்லு வேலை என்று ஒவ்வொன்றையும் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் பயிற்சித் துண்டுகளாக உடைத்தார். ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பலருக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. அந்தத் துண்டுகளை 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் பார்த்த எம்ஐடி என்ற அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் தலைவர் ஜான் ரங்கிள் அதே முறையைத் தன் நிறுவனத்திலும் கொண்டுவந்தார். இன்று எந்தப் பயிற்சி நிலையத்தில் மாணவர்கள் வரிசையாக வைஸ் (துண்டை இறுக்கிப் பிடிக்கும் கருவி) முன்னால் நின்று ஒரே மாதிரித் துண்டை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாலும் அதன் பின்னால் இந்த முறையின் நிழல் இருக்கிறது.

பலம் என்னவென்றால் ஆசிரியரின் நேரம் பலருக்குப் பகிர்ந்து போகிறது. டிராயிங் படிப்பது, அளவுக் கருவிகள், பாதுகாப்பு, கொஞ்சம் கணக்கு எல்லாம் உங்கள் செட்டரின் நேரத்தைத் தொடாமல் நடந்துமுடிகிறது. பலவீனமும் அந்தப் பிரிப்பில்தான். பயிற்சித் துண்டுக்கு வாடிக்கையாளர் இல்லை, அடுத்த ஷிப்ட் இல்லை, சூடு இல்லை.

சூடு என்று சும்மா சொல்லவில்லை. படித்து முடித்து வந்த ஒரு பையன் 80 மி.மீ. ஷாஃப்ட் கடைந்து, அளந்து, டாலரன்ஸின் சரிநடுவில் இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். மதியத்துக்கு மேல் இன்ஸ்பெக்‌ஷனில் அண்டர்சைஸ் என்று திரும்பி வந்தது. பையன் அடித்துச் சொல்கிறான், நான் சரியாகத்தான் அளந்தேன் என்று. எங்கள் ஃபோர்மேன் கேட்டார்:

"தம்பி, தொட்டுப் பார்த்தியா?"

"மைக்ரோமீட்டர்ல பார்த்தேன் அண்ணே."

"மைக்ரோமீட்டரை விடு. ஜாப் சுடுதான்னு கையால தொட்டுப் பார்த்தியா?"

அளவு என்றால் 20 டிகிரி செல்சியஸில் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதி. கடைந்து இறக்கிய சூட்டில் ஷாஃப்ட் 40 டிகிரியில் இருந்தால், 80 மி.மீ. எஃகில் சுமார் 18 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். அந்த அளவுக்கு எச்6 என்ற துல்லிய வகுப்பின் டாலரன்ஸ் மொத்தமே 19 மைக்ரான். சூட்டில் சரிநடுவில் இருந்தது, ஆறியதும் எல்லைக்கு வெளியே போய் உட்கார்ந்துவிடும். உலோகம் சூட்டில் விரியும் என்பது பையனுக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதியிருப்பான். தெரிந்தது கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதைக் கைக்குக் கொண்டுவர ஃபோர்மேனுக்கு ஆனது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடம் அங்கே நின்று பேச ஒரு ஃபோர்மேன் இருந்தார் என்பதுதான் விஷயம்.

படித்து முடித்தவரை எடுத்தால் முதல் ஆறு மாதம் அவரைத் தயாரான ஆளாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்ரண்டிஸ் காலத்தின் முதல் பாதியை வேறொருவர் செலவில் முடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பார்வையில் இது மிக லாபமான வழி.

அப்ரண்டிஸ்

இதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், குறைவாகச் செய்கிறார்கள்.

எல்லோரும் காட்டுவது ஜெர்மனியை. 1969-இல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ், இண்டஸ்ட்ரியல் மெக்கானிக் ஆக மூன்றரை வருடம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் கம்பெனி. பரீட்சை வைப்பது கம்பெனியும் இல்லை, பள்ளியும் இல்லை, தொழில் வர்த்தக சபை. இதையெல்லாம் பலரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: அங்கே கம்பெனியில் பயிற்சி கொடுக்கப் பொறுப்பேற்பவர், தனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று தனியே தகுதி காட்ட வேண்டும். வேலை தெரிந்தவர் எல்லோரும் வாத்தியார் இல்லை என்பதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். மற்ற நாடுகள் இந்த முறையைக் காப்பியடிக்கும்போது ஒப்பந்தத்தையும் உதவித்தொகையையும் காப்பியடித்துவிட்டு இந்த ஒரு வரியை விட்டுவிடுகின்றன.

முதல் சில வாரங்கள் வைஸில் அரம் போட வைப்பது பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. சிஎன்சி காலத்தில் எதற்கு அரம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பாதி நியாயம். மாதக்கணக்கில் ஒரு கட்டையைத் தேய்க்க வைப்பது, பயிற்சி கொடுக்க ஆள் இல்லாதபோது பையனை எங்காவது நிறுத்திவைக்கும் உத்தி. ஆனால் மூன்று வாரம் போட்டவனுக்கு ஒரு முகத்தைச் சமதளமாக்குவது எவ்வளவு பாடு என்று தோளுக்குத் தெரியும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு, நூறில் ஒரு பங்கு எவ்வளவு என்று விரலுக்குத் தெரியும். அப்புறம் மெஷினில் பிசகியதும் கண்ணில் படும்.

மாட்ஸ்லே பட்டறைக்குத் திரும்பி வருகிறேன். அவர் தன் ஆட்களின் மேசைகளில் சமதளத் தகடுகளை வைத்திருந்தார், செய்ததை அவரவரே வைத்துப் பார்த்துக்கொள்ள. நீளம் பற்றி வாக்குவாதம் வந்தால் தீர்த்துவைக்க, தானே செய்த ஒரு மைக்ரோமீட்டர் இருந்தது. அதற்கு "லார்டு சான்சலர்" என்று பெயர், மேல்முறையீடு இல்லாத நீதிபதி என்ற பொருளில். அந்தப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வெளியே போனவர்கள் ஜோசப் விட்வொர்த், ஜேம்ஸ் நாஸ்மித், ரிச்சர்டு ராபர்ட்ஸ், ஜோசப் கிளெமென்ட். விட்வொர்த் 1841-இல் திருகு மரைகளுக்கு முதல் பொதுத் தரத்தை முன்வைத்தார். நாஸ்மித் நீராவிச் சுத்தியலைக் கொண்டுவந்தார். ஒரே பட்டறையிலிருந்து இத்தனை பேர் வந்ததற்கு மாட்ஸ்லேயின் மேதமை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. செய்தது சரியா தப்பா என்று கற்பவனே அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளும்படி ஷாப் அமைந்திருந்தது. அளவுக் கருவியைப் பூட்டி வைத்துக்கொண்டு "இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பு" என்று சொல்லும் இடத்தில் அப்ரண்டிஸ் வளர மாட்டான்.

கவனித்தீர்களா, அந்த நால்வரும் போய்விட்டார்கள். அப்ரண்டிஸ் என்றதும் முதலாளிகள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்: வளர்த்துவிட்ட பிறகு பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டால்? கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1960-களிலேயே இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். எங்கும் செல்லுபடியாகும் திறனுக்கு ஒரு கம்பெனி தானாகச் செலவு செய்யத் தயங்கும், தன் கம்பெனிக்கு மட்டும் பயன்படும் திறனுக்குச் செய்யும் என்று. லேத் ஓட்டுவது முதல் வகை. பிரிட்டன் இதற்குச் சட்டத்தால் மருந்து தேடியது. 1964 சட்டப்படி பயிற்சி வாரியங்கள் தங்கள் தொழிலில் உள்ள கம்பெனிகளிடம் வரி வாங்கி, பயிற்சி கொடுப்பவருக்கு மானியமாகத் திருப்பிக் கொடுத்தன. 2017-இல் வேறு வடிவத்தில் மறுபடி வந்தது: வருடச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் கம்பெனிகளுக்கு, அதில் 0.5 சதவீதம் அப்ரண்டிஸ் வரி.

சட்டம் எப்படியோ போகட்டும். போவார்கள் என்று கணக்கில் வைத்துக்கொண்டே எடுக்க வேண்டும் என்பது என் அனுபவம். இருவர் தேவை என்றால் மூவரை எடுப்பது. பயிற்சி முடிகிற மாதத்தில் சம்பளத்தை வெளிச் சந்தைக்கு நிகராக ஏற்றிவிடுவது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். மூன்று வருடம் அப்ரண்டிஸாகப் பார்த்த பையனை நான்காவது வருடமும் அதே கண்ணோடு பார்க்கிறார்கள், அவன் மாட்ஸ்லேயாகிவிடுகிறான்.

சின்னப் பட்டறையில் இரண்டு லேத்தும் ஒரு மில்லிங்கும்தான் இருக்கிறதென்றால், தனியாக முழு அப்ரண்டிஸ் பயிற்சி கொடுக்கவே முடியாது. கிரைண்டிங் எங்கே கற்பான்? சில கம்பெனிகள் சேர்ந்து ஒரு பயிற்சிப் பட்டறையைப் பகிர்ந்துகொள்வது, ஆறு மாதத்துக்கு ஆளை மாற்றிக்கொள்வது என்று ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் செய்கிறார்கள். போட்டிக் கம்பெனியோடு இதைச் செய்யக் கூச்சமாக இருந்தால், உங்களுக்கு கிரைண்டிங் வேலை செய்து தரும் ஜாப் வொர்க் பட்டறையோடு ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று, வருடக் கணக்கு. இங்கிலாந்தில் 1563-இல் வந்த சட்டம் எந்தக் கைத்தொழிலுக்கும் குறைந்தது ஏழு வருட அப்ரண்டிஸ் காலம் என்றது. 1814 வரை அந்த விதி ஏட்டில் இருந்தது. ஏழு வருடம் கடைக்குத் தண்ணீர் தூக்கினாலும் ஏழு வருடம்தான். நாட்களை எண்ணாமல் செய்துகாட்டிய வேலைகளை எண்ணுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன், ஆனாலும் ஒரு எச்சரிக்கையோடு. ஒரு தடவை சரியாகச் செய்தான் என்று டிக் போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடும் பட்டியல் பயிற்சிகளில், கை பழகுவதற்குள் காகிதம் முடிந்துவிடுகிறது.

இருக்கிற ஆட்களை ஏற்றிவிடுவது

அதிகம் பேசப்படாத வழி, எனக்குப் பிடித்த வழி.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் அனுபவசாலிகள் போருக்குப் போய்விட, லேத்தையே பார்த்திராத லட்சக்கணக்கானவர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களை வேகமாகத் தயார்செய்ய 1940 முதல் 1945 வரை நடந்த அரசுத் திட்டத்துக்கு டிடபிள்யூஐ (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்று பெயர். அதன் சாமர்த்தியம், புதியவர்களுக்கு அது பயிற்சி கொடுக்கவே இல்லை. மேற்பார்வையாளர்களுக்கு, வேலையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பத்து மணி நேரம், இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து நாள் சொல்லிக்கொடுத்தது. கற்பவரைத் தயார்செய், செய்துகாட்டு, செய்ய வை, பின்தொடர்ந்து பார். நான்கே படி. 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பயிற்சிகளை முடித்தார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் வேர்விட்டது.

படிக்கச் சப்பென்று இருக்கும் இந்த நான்கு படி, ஒரு சின்ன வேலையில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். டர்னிங் டூலில் இன்சர்ட், அதாவது வெட்டும் முனைத் துண்டை, மாற்றுவது. "ஸ்குரூவைக் கழற்று, திருப்பிப் போடு, மாட்டு" என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். நான்கு படி முறையில், வேலையை உடைத்து ஒவ்வொரு படியிலும் எது கவனிக்க வேண்டியது, ஏன் என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எழுத உட்கார்ந்தபோது எங்கள் செட்டர் சொன்னது: இன்சர்ட் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, நகத்தால் ஒருதரம் வருடிப் பார்க்க வேண்டும். ஏன்? ஒரு பொடிச் சில்லு அடியில் மாட்டினால் இன்சர்ட் அரைகுறையாக உட்கார்ந்து, அளவும் ஓடும், வெட்டும்போது விரிசலும் விடும். அவர் இருபது வருடமாக அந்த நகத்தால் வருடுவதைச் செய்துகொண்டிருந்தார். தான் செய்வது அவருக்கே தெரியாது. யாருக்கும் சொன்னதும் இல்லை. அந்த ஒரு வரியை எழுதிய மாதத்தில் இரண்டாம் ஷிப்டில் இன்சர்ட் உடைவது கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

ஆபரேட்டரை உருவாக்கவும், நல்ல ஆபரேட்டரை செட்டர் வேலையின் பாதிவரை கொண்டுபோகவும் இந்த வழிக்கு ஈடில்லை. ஆள் புதிதில்லை, போக மாட்டார் என்ற நம்பிக்கை இருக்கிறது, டிராயிங்கும் உங்கள் டிராயிங். ஆனால் டை மேக்கரை இப்படி ஆக்க முடியாது. அந்த வேலையைப் படிகளாக உடைத்தால் பாதி வழியில் "இங்கே பார்த்து முடிவு செய்" என்று எழுத வேண்டி வரும். அந்த இடத்துக்கு மேல் காகிதம் வேலை செய்யாது.

ஆட்டோமேஷன்

ரோபோ வைத்தால் வெல்டர் வேண்டாம் என்று விற்க வருபவர் சொல்வார். டார்ச்சின் கோணம், வேகம், எங்கே நிறுத்தித் தொடங்குவது என்று ரோபோவுக்குச் சொல்லித்தருவது யார்? பற்றவைத்த கோட்டை (பீட்) பார்த்துக் கரன்ட் கூடுதலா குறைவா என்று சொல்லத் தெரிந்த வெல்டர்தான். ஒரே ஜாப் ஆயிரக்கணக்கில் ஓடுகிற இடத்தில் ஆட்டோமேஷன் நியாயமான முடிவு, சந்தேகமில்லை. அது ஆபரேட்டர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். செட்டர், மெயின்டனன்ஸ் ஆள் இவர்களின் தேவையைக் கூட்டும். ஆள் பஞ்சத்துக்கு மருந்தாக வாங்கினால் பஞ்சம் ஒரு மாடி மேலே ஏறிவிடும்.

சரி, எதை எடுப்பது?

மணிக்கணக்கை எடுத்துக்கொள்வோம். உங்கள் செட்டருக்கு வாரம் 48 மணி நேரம். புதிய அப்ரண்டிஸ் ஒருவருக்கு முதல் சில மாதம் நாளுக்கு ஒரு மணி நேரமாவது பக்கத்தில் நின்று கொடுக்க வேண்டும், ஆறு நாளைக்கு ஆறு மணி. இருவர் என்றால் 12 மணி. செட்டரின் கால்வாசி நேரம் போயிற்று. அந்த 12 மணி நேரத்தை ப்ரொடக்‌ஷன் திட்டத்திலேயே கழித்துவிட்டு மெஷின் லோடு போட முடியுமானால் இருவரை எடுங்கள். முடியாதென்றால் ஒருவர். அவரிடம் ஒரு மணி நேரம்கூட இல்லை என்றால் அப்ரண்டிஸ் திட்டமே வேண்டாம், பையன்கள் கூட்டிப் பெருக்கிக்கொண்டு மூன்று வருடம் கழிப்பார்கள்.

அந்த நிலைமையில் நான் செய்வது தலைகீழ். வெளியிலிருந்து ஓர் அனுபவசாலியை எடுத்து, அவரை ப்ரொடக்‌ஷனில் போட்டு, பழைய செட்டரின் கால்வாசி நேரத்தை விடுவிப்பது. புது ஆளை வைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்வதில்லை. அவருக்கு இன்னும் உங்கள் ஜாப் தெரியாது. வெளி ஆளுக்குக் கொடுக்கும் கூடுதல் சம்பளத்தை ஆள் செலவில் எழுதாமல் பயிற்சிச் செலவில் எழுதிப் பாருங்கள், மனம் கொஞ்சம் ஆறும். பழைய செட்டருக்கும் "சொல்லிக்கொடுப்பவர்" என்று பெயரும் அதற்கேற்ற சம்பளமும் சேர்ந்தால்தான் இது நிற்கும், இல்லாவிட்டால் முன்னே சொன்ன கணக்குப் போடுபவராக அவர் மாறிவிடுவார்.

டூல் ரூமுக்கு வருடா வருடம் ஓர் அப்ரண்டிஸ், வேலை மந்தமான வருடத்திலும் நிறுத்தாமல். நிறுத்திய வருடத்தின் ஓட்டை நான்கு வருடம் கழித்துத்தான் தெரியும், அப்போது அடைக்க வழியிருக்காது. மெஷின் ஷாப்புக்குப் படித்து முடித்தவர்களை எடுத்து நான்கு படி முறையில் ஏற்றுவது. வெல்டரில் சோதனைத் துண்டு போட்டவரை எடுத்துவிட்டு, ஆறு மாதத் தேதியை ஒருவர் பொறுப்பில் விடுவது. அவசர ஆர்டருக்கு மட்டும் வெளிச் சந்தை.

எங்கிருந்து தொடங்குவது என்றால், ஒரு சார்ட் பேப்பர் போதும். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகள்: ஜா போரிங், மரை வெட்டுவது, வொர்க் ஜீரோ, கிரைண்டிங் வீல் டிரெஸ்ஸிங், டை பொருத்துவது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம். கற்றுக்கொண்டிருக்கிறார் என்றால் கால் வட்டத்தைக் கருப்பாக்குங்கள், பக்கத்தில் ஆள் நின்றால் செய்வார் என்றால் அரை, தனியே செய்வார் என்றால் முக்கால், சொல்லியும் கொடுப்பார் என்றால் முழு வட்டம். நாங்கள் முதன்முதலாக அதை வரைந்து மாட்டியபோது, டை பொருத்தும் வரிசையில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு வட்டம்தான் கருப்பாக இருந்தது, அதுவும் முக்கால். அந்தப் பெயருக்கு உரியவர் ஓய்வுபெறப் பதினான்கு மாதம் இருந்தது.